'ரவுண்ட்' இல்லையாம்



முந்தாநாள் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்துவிட்டேன். எல்லார் முன்னாலும் ஏசியது, அதனால் இதையும் எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே எழுதுகிறேன்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தவணைப் புள்ளிகளின் சராசரியை எடுத்து, 'ரவுண்ட்' சார்பினால் இரண்டு தசம தானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னேன். எல்லாருக்கும் விடை வந்தது. ஒரு மகனுக்கு மட்டும் அப்படியொரு சார்பே இல்லை என்று வந்தது. "சேர், நீங்க எழுதினதத்தான் நானும் எழுதினேன்" என்றார். "எழுத்துப் பிழை, ஒழுங்கா பார்" என்று ஏசினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இஷாவுக்குப் பிறகு லெப்டொப்பில் நானே செய்து பார்த்தேன். எனக்கும் அதே பிழை!

போஸ்ட்கிரெஸ் தன் சார்புகளை 'பீஜீ ப்ரொக்' என்ற அட்டவணையில் பதிந்து வைத்திருக்கிறது. நமது வகுப்பு இடாப்பு மாதிரித்தான். பாத்திமா என்று கூப்பிட்டால் ஐந்து பேர் எழும்புவார்கள், முதலெழுத்தையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அங்கே முதலெழுத்துக்குப் பதில், அடைப்புக்குள் கொடுக்கும் தரவின் வகை. 'ரவுண்ட்' என்ற பெயரில் மூன்று பதிவுகள் உள்ளன. தசம தானத்தையும் சேர்த்துக் கேட்பது ஒன்றுதான், அது 'நியூமெரிக்' வகைக்கு மட்டும். முழு எண்களின் சராசரி நியூமெரிக்காக வரும், அதனால் மற்றவர்களுக்குச் சரிவந்தது. இந்த மகனோ அரைப் புள்ளியும் வருமே என்று யோசித்து நிரலை 'டபுள் பிரிசிஷன்' ஆக்கியிருக்கிறார். அதன் சராசரியும் டபுள் பிரிசிஷன்தான். அதைத் தானாக நியூமெரிக் ஆக்க போஸ்ட்கிரெஸ் சம்மதிக்காது, நாம் வாயால் சொல்ல வேண்டும். பிழைச் செய்தியிலேயே அடைப்புக்குள் வகை எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. பிள்ளைகளுக்கு 'வினாவை முழுசா வாசி' என்று தினமும் சொல்கிற ஆள் நான்!

நேற்று முதல் பாடவேளையிலேயே, பிழை என்னுடையது என்று வகுப்பில் சொல்லிவிட்டு மார்க்கரை அவரிடம் கொடுத்தேன். விளக்கி முடித்துவிட்டு ஒன்று கேட்டார்: "அப்ப சேர், டபுள் பிரிசிஷனுக்கு நானே ஒரு ரவுண்ட் எழுதி அந்த இடாப்பில போடேலுமா?"

ஏலும். அதே அட்டவணையில் இன்னொரு நிரையாக அது ஏறும். பெயர் ஒன்றானாலும் வகை வேறு என்பதால் பழையதோடு மோதாது. செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.