மாங்கனி ஊரில் ரெண்டு டைரக்டர்கள்

தலையில் 'நச்'சென்று ஒரு மாம்பழம் விழுந்தது. ஆஹா, காரைக்கால் வந்தாச்சு!

ஆனி பௌர்ணமி. மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே ஜனங்கள் தாவித் தாவிப் பிடிக்கிறார்கள். காலேஜ் கிரிக்கெட்டில் நான் கோட்டைவிட்ட காட்சுகளெல்லாம் ஞாபகம் வந்தன. இங்கேயும் அதே கதைதான். கைக்கு எட்டியது தலைக்குத்தான் வந்தது!

அழைத்திருந்த நண்பர் உள்ளூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். அரசாங்க கிளார்க். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைக் காட்டி, "பிரெஞ்சுக்காரன் 1954-ல போயிட்டான் சார்... தொப்பியை மட்டும் மறந்துட்டான்" என்றார்.

சுற்றிலும் தமிழ்நாடு. தலைநகரமோ 130 கிலோமீட்டர் தாண்டி புதுச்சேரியில். நண்பரின் மனசு மட்டும் இருபது வருஷமாகக் கோடம்பாக்கத்தில்! பாதி எழுதிய சினிமா கதை ஒன்று அவருடைய வீட்டு மேஜை டிராயரில் தூங்குகிறது.

"டைரக்டர்னா ஏ.பி.நாகராஜன்தான் சார்" என்று ஆரம்பித்தார். 1973-ல் நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' அவருக்கு வேதம். பழைய செப்புச் சிலைகளில் அம்மையார் எலும்பும் தோலுமாகத் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் எங்கம்மாவைக் கேட்டால், அம்மையாருக்கு கே.பி.சுந்தராம்பாள் முகம்தான்! டி.கே.எஸ். சகோதரர்கள் நாடக சபையில் வளர்ந்த மனிதர், புராணத்தை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்.

விடுவேனா? "எனக்கு பாலசந்தர்" என்றேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே! மேற்கே பஸ் பிடித்தால் நன்னிலம்; அதற்குப் பக்கத்து நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்தவர். புராணம் வேண்டாம், மாசக் கடைசியில் காசில்லாத வீடு போதும் என்று கதை சொன்னவர்.

வேடிக்கையைப் பாருங்கள். 1965-ல் நாகராஜனின் 'திருவிளையாடல்', பாலசந்தர் டைரக்ட் செய்த முதல் படமான 'நீர்க்குமிழி' ரெண்டும் வந்தன. அங்கே தருமியாகப் புலம்பிய அதே நாகேஷ், இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரிக்கவைத்து அழவும் வைத்தார். 1973-ல் மறுபடியும் மோதல். அங்கே அம்மையார், இங்கே 'அரங்கேற்றம்'!

நண்பர் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"ரெண்டும் ஒரே கதைதான். புனிதவதி கூப்பிட்டா சாமியே மாம்பழம் குடுத்தார். அதைப் பார்த்துப் பயந்து புருஷன் கப்பலேறி ஓடிட்டான். 'அரங்கேற்றம்' லலிதா தன்னை வித்துக் குடும்பத்தைக் காப்பாத்தினா. விஷயம் தெரிஞ்சதும் குடும்பமே அவளை ஒதுக்கிடுச்சு. பயந்தாங்கொள்ளிங்க ரெண்டு படத்துலயும் இருக்காங்க. இந்த வீட்லயும் ஒருத்தர் இருக்கார்... டிராயரைத் திறக்கவே பயம்!"

கத்தி சதக்கென்று மாம்பழத்தில் இறங்கியது. நாங்கள் ரெண்டு பேரும் கப்சிப்.

கொஞ்ச நேரம் கழித்து நண்பர், "பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கணும் சார். வேலையை விட முடியுமா?" என்றார், மெதுவாக.

"யார் விடச் சொன்னது? பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ்ல ஃபைல் பார்த்துக்கிட்டேதான் நாடகம் எழுதினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆபீஸுக்கு நம்ம மேல என்ன பாத்தியதை?" என்றேன். சொல்லும்போதே எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன் என்று தோன்றியது. என்னிடமும் ஒரு டிராயர் இருக்கிறதே!

பத்து நாள் கழித்து போன் வந்தது.

"சார், டிராயரைத் திறந்துட்டேன். பழைய கதை வேணாம். புதுசா முதல் சீன் எழுதியாச்சு!"

"பேஷ்! என்ன சீன்?"

"மாங்கனித் திருவிழா. மாடியிலேர்ந்து ஒரு மாம்பழம் பறந்து வருது. க்ளோஸப்ல ஒரு சென்னைக்காரர் மண்டை..."