மாற்றுருவம்

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில், பேய் பிசாசு என்பன நம்மவர்க்கே உரிய இழிவு என்று எண்ணியிருந்தேன். ஆங்கிலக் கதைகளில் வரும் வனதேவதைகளோ மலர்மீது அமர்ந்திருக்கும் அழகிய பொம்மைகள். அவற்றால் எவர்க்கும் தீங்கில்லை என்பது என் கருத்து. அதனைப் பொய்யாக்கியது அயர்லாந்தில் 1895-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம்.

பழங்கால வட்ட மேடுகளில் தேவதைகள் வாழ்வதாக அந்நாட்டுப் பாமரர் நம்பினர். அவை நல்ல குழந்தையையோ இளம் பெண்ணையோ கவர்ந்து சென்று, நோயுற்ற மாற்றுருவம் ஒன்றை அவ்விடத்தில் வைத்துவிடுமாம். முட்டை ஓட்டில் நீர் காய்ச்சினால், அவ்வுரு வியப்புற்றுத் தன் வயதைத் தானே உளறிவிடும் என்பது ஐரோப்பாவில் வழங்கும் வேடிக்கைக் கதை. ஆனால் மூலிகைச் சாறும் நெருப்புங்கூட அதனை விரட்டும் மருந்துகளாம்!

திப்பெராரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்றொரு பெண். தையல் இயந்திரம் வைத்துத் தன் கையால் பொருளீட்டியவள். மார்ச் மாதத்தில் நோயுற்றுப் படுத்தாள். மருத்துவர் வந்து மார்ச்சளி என்று மருந்து கொடுத்தார். கணவன் மைக்கேலோ, அவள் தன் மனைவியே அல்லள் என்றான். சாற்றை வலிந்து புகட்டினர். பெயரைச் சொல் என்று மிரட்டினர். அடுப்புத் தீயின்மேல் பிடித்தனர். மறுநாள், மார்ச் 15-ஆம் தேதி இரவு, கணவன் அவள்மீது விளக்கெண்ணெயன்று, விளக்கின் மண்ணெண்ணெயை ஊற்றி எரித்தான். பெற்ற தந்தையும் உறவினரும் அவ்வீட்டிலேயே இருந்தனர். அவனுக்கு இருபதாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது, 1910-இல் விடுதலையானான். இத்தகைய மக்களுக்குச் சுயாட்சி ஏன் என்று பத்திரிகைகள் சில ஏளனம் செய்தன.

இதைப் படித்தபோது என் நெஞ்சம் சுட்டது. சில ஆண்டுகட்கு முன், எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி காய்ச்சலில் பிதற்றினாள். பூசாரி வேப்பிலையால் அடித்து, "நீ யார்? சொல்!" என்று அதட்டினார். நான் லயத்து வாயிலில் நின்று பார்த்தேன். 'அறியாத சனங்கள்' என்று மனத்துக்குள் நகைத்துவிட்டு வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் அவள் மாமியாரே காரியாலயத்துக்கு வந்து, "ஐயா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லாரி கிடைக்குமா?" என்று கேட்டாள். அப்பெண் பிழைத்தாள், அதில் எனக்குப் பெருமையில்லை. சம்பள நாளில் அவள் நீட்டிய கையில் தழும்பைக் கண்டேன்.

பூசாரிக்காவது ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கிருந்ததோ இகழ்ச்சி ஒன்றே! லாரிக்குச் சீட்டெழுதும் பேனா அன்றும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஏளனம் செய்த அப்பத்திரிகைகளுக்கும் எனக்கும் என்ன வேற்றுமை?

நண்பர்களே! மூடநம்பிக்கையை நகைப்பது பகுத்தறிவு ஆகாது. படுத்திருப்பவளை "நீ யார்?" என்று பிறர் கேட்குமுன், "உடம்புக்கு என்னம்மா?" என்று நாம் கேட்போமாக.