லியோனின் ரொட்டியும் சந்துகளும்

படிக்கப் பிரான்சின் லியோன் நகருக்கு வந்த பிறகுதான் எனக்கு ரொட்டி மேல் இவ்வளவு மரியாதை வந்தது. இங்கே மாவு பிசைவது முதல் சுடுவது வரை அதே கடையில் நடந்தால்தான் ‘பூலான்ஜெரி’ (ரொட்டிக்கடை) என்று பலகை மாட்ட முடியும், சட்டமே அப்படி. ‘திரதிசியோன்’ (மரபுவழி) பகெத் என்ற நீள ரொட்டி என்றால், 1993 அரசாணைப்படி, உறையவைத்த மாவும் கூடாது, ரசாயனச் சேர்மானங்களும் கூடாது. முனையைப் பிய்த்தால் மொறுமொறுப்பு. உள்ளே லேசான புளிப்பு வாசம்.

அதைத் தின்றுகொண்டே ஊரின் குருவா ரூஸ் மேட்டிலிருந்து இறங்குவேன். ஒரு கதவைத் தள்ளினால் கட்டடங்களுக்கு ஊடாகவே வழி போகும். பட்டு நெசவாளர்கள் துணிச்சுமையோடு நடந்த ‘திராபூல்’ சந்துகள் இவை. கைத்தொழிலை மதிக்கும் ஊர் இது, அதனால்தான் எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. மேட்டுச் சந்தையில் சேன் மர்செலான் பாலாடைக்கட்டி கிடைக்கும். நன்றாகப் பழுத்ததைக் கரண்டியால்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு இளக்கம்.

இந்தப் பக்கம் வருபவர்கள் சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன்.