களியக்காவிளைக்கு அப்பால்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்வோருக்குக் எல்லை ஊரான களியக்காவிளை தாண்டியதும் வரும் பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரைப் பகுதி பிடித்துப்போக முதற்காரணம் சாப்பாடு. அவித்த மரச்சீனிக்கிழங்கு, தேங்காய் அரைத்த மீன்கறி, மாலையில் பழம்பொரியும் கட்டன்சாயாவும். குமரிக்காரருக்கு இது வீட்டுச் சுவையே. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த தாலுகாக்கள். இன்று குமரி மாவட்டத்திலுள்ள விளவங்கோடு அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சமையல் மட்டும் பிரியவில்லை.

இரண்டாவது காரணம் சாலை. இவ்வழியே செல்லும் பழைய நெடுஞ்சாலை குறுகலானது; வளைவும் ஏற்ற இறக்கமும் அதிகம். வேகம் எடுக்க முடியாது. அந்த நிதானத்தில்தான் தென்னை, வாழை, ரப்பர்த் தோட்டங்களையும் அவற்றுக்கு நடுவிலுள்ள வீடுகளையும் கண்ணாரப் பார்க்க முடிகிறது. கடைகளில் தமிழில் கேட்டால் மலையாளம் கலந்த தமிழிலேயே பதில் வரும்.