கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்

என் இளைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஆங்கிலக் கதைப் புத்தகமொன்றைக் கொண்டு வந்தவள், மூன்று நாட்களாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அதை விரித்து வைத்திருந்தாள். அஸர் தொழுகைக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியதாயிற்று. கோபத்தில் புத்தகத்தைப் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இஷாவுக்குப் பிறகு, பிள்ளையை இப்படி மயக்கி வைக்க அதில் என்னதான் இருக்கிறது என்று நானே எடுத்துப் புரட்டினேன். சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் தூங்கும்போது இரவு ஒரு மணி.

கிறிஸ் கிராபன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் எழுதி 2013இல் வெளிவந்த கதை அது. லெமன்செல்லோ என்ற பெரும் பணக்காரர், விளையாட்டுச் சாமான்கள் செய்பவர், தன் சொந்த ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஓர் இரவு அதற்குள் தங்க வைக்கிறார். மறுநாள் ஒரு போட்டி. வந்த வாசலால் போகாமல் வேறு வழி கண்டுபிடித்து வெளியேற வேண்டும். துப்பெல்லாம் நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. கொலை இல்லை, துப்பாக்கி இல்லை, பேய் பிசாசு இல்லை. பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

அந்தக் கதையில் நூலக எண்களும் துப்பாக வருகின்றன. மெல்வில் டூயி என்பவர் 1876இல் வகுத்த முறை அது. எந்தப் புத்தகத்துக்கும் ஓர் எண் உண்டு. சமையலுக்கு 641.5. நம் மார்க்கத்துக்கு 297. இலக்கியமெல்லாம் 800க்கு மேலே. அதில் தமிழ் இலக்கியம் 894.811 என்று வால் நீண்ட எண்ணோடு ஒரு மூலையில் நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்து மொழிக்கு மூன்றிலக்கத்தில் ஓர் இடம் கொடுக்க அந்த மனிதருக்கு மனம் வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் மகள் கேட்டாள். "உம்மா, நீங்க சின்ன வயசில இப்படி மர்மக் கதை படிச்சீங்களா?"

"படிச்சேன். கடைசிப் பக்கம் மட்டும் படிக்கல்ல" என்றேன். அவள் விடவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத்தெருவைச் சேர்ந்தவர்கள். வாப்பா புடவை வியாபாரி. சைக்கிள் கரியரில் புடவைக் கட்டை வைத்துக்கொண்டு கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாக அச்சுவேலிச் சந்தைக்குப் போவார். செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் விளைகிற ஊர். பருத்தித்துறை வீதியில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வந்து இறங்கினால் சாரமெல்லாம் செம்மண் நிறமாக இருக்கும். உம்மா அதைத் துவைத்துத் துவைத்தே அலுத்துப் போவார்.

அச்சுவேலியில் வாப்பாவிடம் வாடிக்கையாகப் புடவை எடுக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். அந்த ஊருக்கும் புத்தகத்துக்கும் பழைய உறவு. தம்பிமுத்துப்பிள்ளை என்பவர் அங்கே ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சகத்தை நடத்தித் தமிழ் நூல்கள் பதிப்பித்தார். அந்தக் குடும்பத்தில் வந்த தம்பிமுத்து என்ற கவிஞர்தான் 1939இல் லண்டனில் ஆங்கிலக் கவிதைப் பத்திரிகை தொடங்கிப் பேர் பெற்றவர். ரீச்சர் வீட்டிலும் ஒரு அறை நிறையப் புத்தகம் என்று வாப்பா சொல்வார்.

என் ராத்தா யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போய்ப் படித்தவர். கே. எம். செல்லப்பா என்பவர் 1930களில் தன் வீட்டில் தொடங்கியது, 1959இல் வெள்ளை மாளிகையாக எழுந்து நின்றது. இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழி ரங்கநாதன் அதற்கு ஆலோசனை சொன்னவர். 1981 மே கடைசி, ஜூன் தொடக்கத்து இரவுகளில் நடந்த வன்செயலில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. எனக்கு அப்போது நாலு வயது. ஒன்றும் நினைவில்லை. ராத்தா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததாக உம்மா சொல்வார். வாப்பா அதை ரீச்சரிடம் சொல்லியிருக்கிறார். அன்றே ரீச்சர் இரண்டு புத்தகங்களைப் புடவைக் கட்டுக்குள் வைத்து அனுப்பினாராம். அப்படித் தொடங்கியது. ராத்தா கலியாணமாகிப் போனபிறகு என் முறை வந்தது.

1990இல் எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வருஷம் வந்த புத்தகம்தான் நான் சொல்ல வந்தது. அட்டை இல்லை, முதல் தாள்கள் இல்லை, ஆகவே பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. ஒரு கிராமத்து வாசிகசாலையில் புத்தகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகின்றன. மூன்று பிள்ளைகள் கள்ளனைத் தேடுகிறார்கள். காவற்காரன் மேல் ஒரு சந்தேகம், பழைய புத்தகக் கடைக்காரர் மேல் ஒரு சந்தேகம், தினமும் வந்து தூங்கிப்போகும் பென்சன்காரர் மேல் ஒரு சந்தேகம். கள்ளன் யார் என்று சொல்லப் போகும் இடத்தில் தாள் கிழிந்து போயிருந்தது.

ரீச்சர் வாப்பாவிடம் சொல்லி அனுப்பியது இது: "கடைசிப் பக்கம் இல்லை நானா. முடிவைப் பிள்ளையே யோசிச்சு எழுதி உள்ளுக்கு வைச்சுத் தரட்டும்." எனக்கு முன்னே படித்த பிள்ளைகளும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்களாம். அவற்றை ரீச்சர் வேறாக எடுத்து வைத்திருந்தார்.

நானும் கொப்பித் தாளில் இரண்டு பக்கம் எழுதி, மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, என் தகரப் பெட்டியில் உடுப்புக்கு அடியில் வைத்தேன்.

ஒக்டோபர் 30. எங்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். ஜின்னா மைதானத்தில் கூட்டிவைத்து விடுதலைப் புலிகள் சொன்ன சொல் அது. வடக்கிலிருந்து அந்த நாட்களில் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் விவரிக்கவில்லை. ஓடிப்போய் என் பெட்டியைத் திறந்தேன். உடுப்பெல்லாம் கடையில் அடுக்கியதுபோல ஓரம் ஒட்டி மடிக்கப்பட்டிருந்தது. அடியில் புத்தகம் இல்லை. பெட்டியை முழுவதும் கொட்டிப் பார்த்தேன். உம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் கிடந்த நாட்களில் எத்தனையோ இழப்பு. ஆனால் பதின்மூன்று வயது மனசு அந்தப் புத்தகத்திலேயே நின்றது. அதற்குக் காரணமும் வாப்பாதான். ஒவ்வொரு முறையும் புத்தகத்துக்குப் பத்திரிகைத் தாளில் உறை போட்டுத் தரும்போது அமானிதம், அமானிதம் என்பார். மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவிலும் நபி (ஸல்) அவர்கள், தம்மைக் கொல்ல வந்த ஊராரின் அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்திவிட்டுப் போன வரலாற்றைச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவேயில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1998இல் வாப்பா மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து கண்டி வீதி திறந்தது. அடுத்த வருஷம் என் கணவரோடு ஊர் பார்க்கப் போனேன். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. அறைக்குள் வேம்பு முளைத்து என் உயரத்துக்கு மேல் நின்றது. அதைப் பார்த்து வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, அச்சுவேலிக்குப் போக வேண்டும் என்றேன். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. பஸ்ஸில் சொன்னேன். சிரித்தார்.

ரீச்சர் உயிரோடிருந்தார், அல்ஹம்துலில்லாஹ். கண் பார்வை மங்கிவிட்டது. வாப்பாவின் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். நான் புத்தகத்தைத் தொலைத்த கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அதை உன்ர வாப்பா கொண்டந்து தந்திட்டாரே! அந்த ஒக்டோபரிலதான். உடுப்புக்குக் குடுத்த அச்சவாரக் காசையும் திருப்பித் தந்தார். காலம் சரியில்லை ரீச்சர், மற்றவையின்ர பொருள் எங்கட வீட்டில இருக்கக்கூடாது எண்டவர்."

அப்போதுதான் அந்தப் பெட்டி என் கண்முன் வந்தது. ஓரம் ஒட்டி, புடவைக் கடை மடிப்பாக மடித்திருந்த என் உடுப்புகள். எங்கள் வீட்டில் அப்படி மடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பதின்மூன்று வருஷமாகக் கையில் துப்பை வைத்துக்கொண்டு நான் கள்ளனைத் தேடியிருக்கிறேன்.

புத்தகம் இப்போது எங்கே என்று கேட்டேன். 1995 ஒக்டோபர் 30, நாங்கள் துரத்தப்பட்டுச் சரியாக ஐந்து வருஷம். அன்று யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. ரீச்சரும் ஒரு பையோடு தென்மராட்சிப் பக்கம் போனவர். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது அந்த அறையில் அலுமாரி மட்டும் நின்றதாம்.

"உண்மையில கள்ளன் ஆர், ரீச்சர்?"

"எனக்கும் தெரியாது பிள்ளை. நான் வாங்கேக்கையே கடைசிப் பக்கம் இல்லை." இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சொன்னதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது. "ஆனா ஒண்டு கவனிச்சனான். எண்பத்தொண்டுக்கு முதல் எழுதின பிள்ளையள் காவற்காரன் எடுத்தான், கடைக்காரன் எடுத்தான் எண்டு எழுதிச்சினம். லைப்ரரி எரிஞ்சாப் பிறகு எழுதினதுகள் ஒண்டும் கள்ளன் எண்டே எழுதேல்லை. எரிச்சுப் போடுவாங்கள் எண்ட பயத்தில ஆரோ நல்ல மனுசர் ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டுதான் எல்லாம் எழுதிச்சுது. நீயும் அப்பிடித்தான் எழுதினனி."

உண்மைதான். தூங்கிப்போகும் அந்தப் பென்சன்காரர்தான் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தன் வீட்டு நெற்பெட்டிக்குள் வைத்தார் என்று நான் எழுதியிருந்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே அன்று தெரியாது.

இதைக் கேட்ட என் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புத்தகத்தையும் இப்ப யாராவது ஒளிச்சு வெச்சிருப்பாங்களா உம்மா?" என்றாள். அலுமாரிக்கு மேலிருந்து அவளுடைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் மறுநாள். இன்னும் நாற்பது பக்கம் மீதியிருந்தது.