சில பழைய படங்களும் ஒரு காது மெஷினும்

ஒரு மாசமா எங்க வீட்டில் பழைய படமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப்படம் பார்க்கக்கூடாதுன்னு விரதமெல்லாம் ஒன்றும் இல்லை. அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயசு. சனி ஞாயிறில் மத்தியானத் தூக்கம் முடிந்து காபி குடித்ததும் "சும்மாதான உக்காந்திருக்க, ஒரு படத்தப் போடு" என்பார். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்குப் புரியாது. சரி, அது போகட்டும்.

அப்பாவுக்கு ரெண்டு காதும் மந்தம். போன வருஷம்தான் காது மெஷின் வாங்கினோம். அந்தக் காசுக்கு ஒரு பைக் வாங்கியிருக்கலாம். பேச்சு ஓரளவுக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் மியூசிக் என்று வந்துவிட்டால் அவர் பாஷையில் சொன்னால் "தகர டப்பால கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி" இருக்கிறதாம். டாக்டரிடம் கேட்டதற்குப் பொறுமையாக விளக்கினார். மெஷின் மனுஷப் பேச்சுக்காக அமைத்தது. அதுவுமில்லாமல் வயசாகும்போது காது முதலில் தொலைப்பது மேல் ஸ்தாயியைத்தான். வயலினின் உச்சம், புல்லாங்குழல், சலங்கை எல்லாம் முதலில் போய்விடும். கீழே இருக்கிற கனமான சத்தங்கள் கடைசிவரைக்கும் கூட வரும். மிருதங்கத்தில் வலந்தலை மங்கி, தொப்பி மட்டும் தும் தும் என்று கேட்கிற மாதிரி.

இந்த லட்சணத்தில்தான் நாங்கள் படம் பார்க்கிறோம் :-)

முதலில் போட்டது 'புதிய பறவை' (1964). அப்பாவின் சாய்ஸ். பதினேழு வயசில் ரிலீஸ் ஆனபோதே பார்த்தாராம். (கதை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவிவிடவும். அறுபது வருஷமா பார்க்காதவர்கள் இனிமேலா பார்க்கப்போகிறீர்கள்?) இதில் ரயிலைக் கண்டாலே சிவாஜிக்கு முகம் மாறிவிடும். மனைவி ரயிலில் அடிபட்டு இறந்ததால் என்று நாம் நினைப்போம். நிஜத்தில் அவர் அறைந்ததில் செத்துப்போனவரைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டதே அவர்தான். அது தெரிந்த பிறகு மறுபடி பார்க்கும்போது ஒவ்வொரு ரயிலும் வேறு மாதிரி ஓடுகிறது. விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டுகளைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? சௌகார் ஜானகிக்கு சுசீலா பாடின மெட்டு சந்தோஷமாக ஒருதரம், சோகமாக ஒருதரம் என்று ரெண்டு தடவை வரும். ரெண்டாவது தடவை எனக்கு எப்போதும் முதுகு சில்லிடும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது அப்பாதான். நிம்மதியைத் தேடி சிவாஜி அலைகிற பாட்டு வந்ததும் சோபாவின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்தார். இடையிசையில் வயலின்கள் எழும்பி விழுகிற இடங்களில் விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு இடம்கூடத் தப்பவில்லை.

"கேக்குதாப்பா?"

"எங்க கேக்குது? எனக்குத் தெரிஞ்ச பாட்டுதானடா."

அதாவது மெஷினுக்கு வராததை மண்டைக்குள் இருக்கும் ரிக்கார்டு வாசிக்கிறது. பரவாயில்லையே, பழைய படமாகப் போட்டால் பிரச்சினையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்புக்கணக்கு போட்டேன்.

பாட்டுதான் ஞாபகத்தில் இருக்கும். ரீரெக்கார்டிங் இருக்காது. யோசித்துப் பாருங்கள், பத்து தடவை பார்த்த படத்திலேயே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? வசனம் இல்லாத இடங்களில் அப்பா தவிக்க ஆரம்பித்தார். திரையில் யாரோ மாடிப்படி ஏறுவார்கள், ஜன்னல் வழியே பார்ப்பார்கள். "இப்ப என்ன மியூசிக் போகுது?" என்று கேட்பார். நானும் "ஒரு மாதிரி டென்ஷனா இருக்குப்பா" என்பேன். "அதுதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. என்ன வாத்தியம், யாரு முன்னாடி, யாரு பின்னாடி, அதச் சொல்லு" என்பார்.

இருபது வருஷமா படம் பார்த்துவிட்டு 'பின்னணி இசை பிரமாதம்' என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோனவன் நான். அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். 'அந்த நாள்' (1954). பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. இயக்கியவர் யார்? வீணை எஸ். பாலசந்தர்! அவ்வளவு பெரிய வித்வான், தன் படத்தில் ஒரு பாட்டுகூட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் காலை ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடுகிறார். அப்புறம் படம் முழுக்க விசாரணை, ஆளுக்கு ஒரு கதை. ஜாவர் சீதாராமன் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாம் தெளிவான நாடகத் தமிழ். அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் கேட்டது. படம் முடிந்ததும் "நல்ல படம். ஆனா ஒரு பாட்டு வெச்சிருக்கலாம்" என்றார். இவரை என்ன செய்வது?

மூன்றாவதாக 'மௌன ராகம்' (1986). இது என் சாய்ஸ். பெரிய தப்பு. பி.சி. ஸ்ரீராமின் கேமராவுக்குக் கோயில் கட்டலாம் என்று நினைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் காது மந்தமானவர்கள் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஜன்னலுக்கு முன்னால் ரேவதி நிற்கிறார், முகம் இருட்டு, விளிம்பில் மட்டும் வெளிச்சம். அப்பா பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். "மூஞ்சியும் தெரியல, சத்தமும் கேக்கல, என்னத்தடா பாக்குறது?" உலக சினிமா விமர்சனத்தில் இதைவிட நேர்மையான வரியை நான் படித்ததில்லை.

ஆனாலும் அந்தப் படத்தில்தான் விசேஷம் ஒன்று நடந்தது. ஒரு பாட்டு ஓடும்போது தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "அடியில ஒருத்தன் தனியா வேற ஒரு பாட்டு வாசிச்சிட்டுப் போறானே, யாருடா அவன்?" என்றார். பேஸ் கிடார்! மேலே இருக்கிற வயலின், குரல் எல்லாம் மங்கிப்போனதால் கீழே இருப்பது மட்டும் அவருக்கு முன்னால் வந்து நிற்கிறது. ராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் தாளத்துக்கு ஒத்து ஊதிவிட்டுப் போகாது, தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நடக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சசிதரன் என்ற பெயரை அப்படித்தான் நானும் தெரிந்துகொண்டேன். அதையெல்லாம் படித்து மண்டையை ஆட்டினேனே தவிர காதில் வாங்கியதில்லை. அன்று ராத்திரி அதே பாட்டை ஹெட்போனில் போட்டு, மேலே நடப்பதை எல்லாம் விட்டுவிட்டு அப்பாவின் ஆளை மட்டும் பின்தொடர்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் கேட்ட பாட்டு புதுசாக இருந்தது.

நடுவில் 'முள்ளும் மலரும்' (1978) பார்த்தோம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கடைசிக் காட்சியில் மகேந்திரன் யாரையும் அதிகம் பேசவிடவில்லை என்பதையும், அப்பா அந்த இடத்தில் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்பதையும் மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே போன ஞாயிற்றுக்கிழமைக்காக. போட்டது 'வீடு' (1988).

பாலு மகேந்திரா படம். அர்ச்சனா வீடு கட்டுகிறார். அவ்வளவுதான் கதை. கடன், காண்ட்ராக்டர், சிமெண்ட் திருட்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல். பாட்டு கிடையாது. பின்னணிக்கு இளையராஜா தனியாக எழுதவும் இல்லை. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று ராஜா போட்ட ஆல்பம். செங்கல் ஜல்லி சமாச்சாரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எனக்கே ஒன்றிரண்டு இடங்களில், இந்தச் சின்ன வீட்டுக்கு இவ்வளவு பெரிய சங்கீதம் தேவையா என்று தோன்றியது உண்டு.

அப்புறம் தாத்தா வருவார். சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பின வீட்டைப் பார்க்கத் தனியாக பஸ் ஏறிப் போவார். வெயில். வெறும் செங்கல் சுவர்கள். ஒவ்வொரு அறையாகப் போவார், சுவரைத் தடவிப் பார்ப்பார். பேச்சே கிடையாது. வயலின்கள்தான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன போகுது இப்ப?"

இந்தத் தடவை நான் கொஞ்சம் தயாராக இருந்தேன். "வயலின்ப்பா. நிறைய பேர் வாசிக்கிறாங்க. ஒண்ணு முன்னாடி போகுது. அதே பாதையில கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு வருது."

"தொரத்துதா?"

"தொரத்தல. கூட நடக்க ஆள் வர்ற மாதிரி."

"ராகம்?"

"நம்ம ராகம் மாதிரிதான் இருக்கு. நடை மட்டும் வெள்ளக்காரன் நடை."

"ம்" என்றார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பாகவதருக்கு அன்றோடு கதை முடிகிறது. அந்த வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததுதான் அவர் வீட்டைப் பார்த்த முதலும் கடைசியும்.

நாங்கள் ஊரில் வீடு கட்டியதும் அதே 1988-ல்தான். எனக்குப் பதினாலு வயசு. (கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுட்டான்னு நினைக்காதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.) தாத்தாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். காலையும் சாயங்காலமும் குடத்தில் தண்ணி மொண்டு சுவருக்கு ஊற்றுவது அவர் வேலை. யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. கொத்தனார் "பெருசு, போதும் விடுங்க" என்று சிரிப்பார். கிரகப்பிரவேசத்துக்குத் தாத்தா இருந்தார். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தும் இருந்தார். அந்த வகையில் நாங்கள் சினிமாவைவிட அதிர்ஷ்டசாலிகள்.

இப்போது அந்த வீடு பூட்டிக்கிடக்கிறது. அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விடவேண்டாம் என்று நாங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்தோம். வித்துவிடலாமா என்று நானும் தங்கச்சியும் போனில் பேசிக்கொள்வது உண்டு. அப்பாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் ஹாலில் உட்கார்ந்தேகூடப் பேசியிருக்கிறோம்.

படத்தின் கடைசியில், வீடு கட்டின இடத்தைக் குடிநீர் வாரியம் எப்போதோ கையகப்படுத்திவிட்டது என்று ஒரு அதிகாரி வந்து சொல்வார். அவ்வளவு பாடுபட்டதும் போச்சு. அப்பா ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தார். மெஷின் ரெண்டையும் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டே, "நல்லவேளை, கெழவன் அதுக்கு முன்னாடி போயிட்டான்" என்றார். பாகவதரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மெஷின் இல்லாதபோது அவரோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சாப்பிடும்போது கேட்டார்.

"ஊர் வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

"இங்கதான்ப்பா. பீரோவுல."

"பங்குனில ஒருதரம் போய்ட்டு வரலாம். மேற்குச் சுவத்துல ஓதம் ஏறுதுன்னு உங்கம்மா சொல்லிட்டே இருந்தா."

சரி என்று தலையாட்டினேன். ராத்திரி தங்கச்சிக்குப் போன் பண்ணி, விக்கிற பேச்சை இப்போதைக்கு எடுக்கவேண்டாம் என்று சொன்னேன். மொட்டைமாடிக்குப் போய்த்தான் பேசினேன்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை 'தில்லானா மோகனாம்பாள்' (1968). அப்பாவின் சாய்ஸ். சேதுராமன் பொன்னுசாமி நாதஸ்வரத்தில் எவ்வளவு கேட்குமோ தெரியாது. "தவில் கேக்கும்ல?" என்றார். கேக்கும்ப்பா. மெஷினுக்கு பட்டன் பேட்டரி ரெண்டு அட்டை வாங்கி வைத்தாச்சு.