‘பம்ப்’ என்று எழுதியிருந்த பியூஸ்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறோம். எல்லாரும் கலைப்பீடம். கீழே வீட்டுக்கார அன்ரி தனிய இருக்கிறா. மேலுக்கு ஒரு மீற்றர், கீழுக்கு ஒரு மீற்றர். எங்கட பில்லை நாங்கள் கட்டுவோம், தன்ர பில்லை அவ கட்டுவா. கணக்கு சுத்தம் எண்டுதான் 2 வருஷமா நினைச்சுக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் மாசத்துக்கு ஒருக்கா, பில் வாற நாளில், அன்ரி படியடியில் நின்று கூப்பிடுவா.

“பிள்ளையள், தண்ணியைப் பாத்துப் பாவியுங்கோ. மோட்டர்தான் கரண்டைத் தின்னுது.”

“ஓம் அன்ரி” என்றுவிட்டு மேலே வந்து சிரிப்போம். அவ இரவில் ஃபேனும் போடாமல் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, பனையோலை விசிறியோட வாசலில் இருப்பா. அதுக்கு நாங்கள் வைச்ச பேர் கஞ்சத்தனம்.

போன வருஷம் படிக்குக் கீழே இருந்த பழைய பலகையை மாத்த வேண்டி வந்தது. பீங்கான் பியூஸ் கட்டைகள், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆணிகள். ட்ரிப் சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு பியூஸுக்கும் மேலே மறைந்துபோன அங்கிள் நீல மையில் எழுதி ஒட்டின துண்டுகள்: முன் அறை, குசினி, பம்ப், மேல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அண்ணா அந்தத் துண்டுகளை நம்பி, கீழுக்கு ஒன்று மேலுக்கு ஒன்று என்று ட்ரிப் சுவிட்சோட 2 புதுப் பெட்டி பூட்டி, அதே பெயர்களை எழுதிவிட்டுப் போனார்.

பின்னேரம் பின் அறையில் ரைஸ் குக்கரைப் போட்டோம். ‘டக்’. மேலே இருட்டு. கீழேயிருந்து அன்ரியின் குரல்: “இங்கயும் போட்டுது பிள்ளையள்!” திரும்பவும் போட்டோம். திரும்பவும் ரெண்டு வீடும் இருட்டு. குக்கர் பழுது எண்டு கேத்தலைக் கொழுவினோம். அதுவும் அப்பிடித்தான்.

அண்ணா அடுத்த நாள் வந்தார். இந்த முறை துண்டுகளைப் பார்க்கவில்லை. எல்லாச் சுவிட்சையும் கீழே தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். எங்களில் ஒருத்தன் மேசை லைற்றைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிளக் பொயின்டாகப் போக, மற்றவன் படியில் நின்று “எரியுது”, “எரியேல்ல” என்று கத்த, மூன்றாமவள் கொப்பியில் எழுதினாள். கீழ்ப் பெட்டியில் ‘பம்ப்’ என்று எழுதியிருந்த சுவிட்சைப் போட்டதும், எங்கட பின் அறை பிளக்கில் லைற் எரிந்தது. தண்ணி மோட்டரோ குசினி லைனில் இருந்தது.

அங்கிள் எழுதினது பொய் இல்லை. முந்தி பின்வளவில் கிணறும் பம்பும் இருந்ததாம். கிணற்றை மூடி மேல்மாடி கட்டினபோது, யாரோ அந்தப் பம்ப் வயரை மேலே இழுத்துப் பின் அறைக்குக் குடுத்திருக்கிறார்கள். அதுவும் லைவ் மட்டும். நியூட்ரலை மேல் லைனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பழைய பியூஸுக்கு இது தெரியாது. அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினால்தான் அது உருகும். ட்ரிப் சுவிட்ச் வேறு மாதிரி. லைவில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருதா என்று பார்க்கும். வீடுகளில் பூட்டுகிற வகைக்கு 30 மில்லிஅம்பியர் வித்தியாசமே போதும். கரண்ட் கீழ்ப் பெட்டியால் போய் மேல் பெட்டியால் திரும்பினால், ரெண்டும்தான் விழும்.

அப்போதுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அதே பின் அறையில் ஆடிக்கொண்டிருந்த பிளக் பொயின்டின் மூடியை எங்களில் ஒருத்தன் முதல் வருஷம் திருகி இறுக்கினவன். கவனமாக, எங்கட மெயினை ஓஃப் பண்ணிவிட்டு. உள்ளே 230 வோல்ற் இருந்துகொண்டே இருந்திருக்கு.

அண்ணா வயரைச் சரிபண்ணிவிட்டுப் போன பிறகு நாங்கள் ஒருத்தரோடொருத்தர் கதைக்கவில்லை. எங்கட சமையல் முழுக்க அந்த அறையில்தான். 700 வாற்ஸ் குக்கர் 2 நேரமும் அரை மணித்தியாலம், பாடத்துக்குப் பாடம் தேத்தண்ணிக்குக் கேத்தல், காலமையில் அயன். போட்டுப் பார்த்தால் மாசம் 50 யூனிட்டுக்குக் கிட்ட. அவ்வளவும் அன்ரியின்ர மீற்றரில்.

50 யூனிட் என்றால் வெறும் 50 யூனிட் இல்லை. வீட்டுப் பாவனைக்கு மாசம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை. தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலை. பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் ஏறும். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் கூடினபோதும் இந்தப் பிளக் அவவின் மீற்றரில்தான் இருந்தது. பிறகு கட்டணம் குறைந்தது, பிளக் மாறவில்லை. 60ஐத் தாண்டக்கூடாது எண்டுதான் அவ ஃபேனை நிப்பாட்டினவ. ஃபேனை நிப்பாட்டியும் ஏன் தாண்டுது எண்டு விளங்காமல் மோட்டரைப் பேசினவ. அங்கிளின்ர எழுத்தை அவ சந்தேகப்பட இல்லை.

கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீழே போனோம். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சா.

“அப்ப மோட்டர் இல்லையா?”

“இல்லை அன்ரி. நாங்கள்தான்.”

அவ வேறொன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து, பில்லுகள் போடுகிற பிஸ்கட் ரின்னுக்குள் வைச்சா.

மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குடுக்கிறோம். வேண்டாம் என்று அவ சொல்லவில்லை. சொல்லாதது எங்களுக்கும் நல்லம். எங்களுக்கு முதல் அந்த அறையில் சமைத்த சீனியர்மாரிடம் அவையளின் பங்கைக் கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறோம். ரெண்டு பேர் காசு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு நீலக்குறி மட்டும் விழுந்திருக்கு.

மேல்மாடியிலோ அனெக்ஸிலோ இருக்கிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கோ. பெட்டியைத் திறக்க வேண்டாம், அது எலக்ட்ரீஷியன்ர வேலை. உங்கட மெயினை ஓஃப் பண்ணிவிட்டு, ஒரு மேசை லைற்றை எல்லாப் பிளக்கிலும் கொழுவிப் பாருங்கோ. எங்கேயாவது எரிந்தால், அந்தப் பிளக்கில் ஒன்றையும் கொழுவாமல் கீழே போய் வீட்டுக்காரரோடு கதையுங்கோ.